அறுப்புக்குப் பின்னான நிலம்

கொல்கத்தாவுக்கு வரும் தமிழ் நண்பர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்றால், விக்டோரியா நினைவு மண்டபத்தைவிட அதன் முன்னே மேயும் ஆடுகளைத்தான் அவர்கள் அதிகம் பார்க்கிறார்கள். இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவே இவற்றுக்கு இடம் கொடுத்தவர் யார் என்பது தவறாமல் எழும் கேள்வி. 1757-இல் நடந்த பிளாசிப் போருக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி புதிய வில்லியம் கோட்டையைக் கட்ட முற்பட்டபோது கோபிந்தபூர் என்ற ஊர் அங்கிருந்து அகற்றப்பட்டது. சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டது. கோட்டைப் பீரங்கிகள் சுடும் திசையில் வீடோ மரமோ குறுக்கே நிற்கலாகாது என்பது காரணம். அந்த வெளி இன்றும் இராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால் அங்கே அடுக்குமாடிகள் எழவில்லை. பீரங்கிக் குண்டுக்காகத் திறந்துவைத்த வெளியில் ஆடு மேய்கிறது. மேய்ச்சலுக்கு என்று யாரும் அதை ஒதுக்கவில்லை.

என் ஆய்வுக்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பிறருடைய தேவைக்காகத் திறந்திருக்கும் இடத்தில், அந்தத் தேவை இல்லாத நேரத்தில் வந்துபோவதே பெரும்பாலான நாடோடி மேய்ப்பர்களின் வாழ்க்கைமுறை. நிலக் கொள்கை மாறும்போதெல்லாம் இப்படிப்பட்ட இடைவெளிகளுள் சில மூடுகின்றன, சில புதிதாகத் திறக்கின்றன. அவற்றுக்கு ஏற்ப மேய்ப்பர்கள் தங்களை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள், அம்மாற்றத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் சில ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்பது இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கீதாரிகளிடம். கொல்கத்தாவில் இருந்துகொண்டு அவர்களைப் பற்றி ஏன் ஆராய்கிறாய் என்று இங்குள்ள வங்காளி நண்பர்களும் ஊரிலுள்ள உறவினர்களும் ஒரே குரலில் கேட்பதுண்டு. சொல்லை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு ஆண்டின் பெரும்பகுதியை வெளியூர் வயல்களில் கழிக்கும் குடும்பங்களின் தலைவரே கீதாரி. பல குடும்பங்களின் ஆடுகள் சேர்ந்து ஒரு கிடையாகும். போகும் வழி, தங்கும் இடம், உழவரிடம் பேசும் கூலி, வழியில் வரும் சண்டை, அதற்கான சமாதானம் எல்லாம் அவர் பொறுப்பு. சம்பா அறுவடை முடிகிற தை, மாசியில் காவிரிப் படுகைக்குள் நுழைவார்கள். பகலில் தாள் நிற்கும் வயல்களில் மேய்த்து, இரவில் ஒரு வயலில் ஆடுகளை அமர்த்துவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். அதற்கு உழவர் கூலி கொடுப்பார். மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும்போது ஆடுகள் மேட்டு நிலத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அணை திறப்புக்கு வழக்கமாகக் குறிக்கப்படும் ஜூன் 12 உழவர்களுக்கு ஒரு தொடக்கம். கீதாரிகளுக்கு அது ஒரு கெடு.

இவர்களுக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள தொடர்பு நிலவரி வரலாற்றின் வழியே வருகிறது. காரன்வாலிஸ் 1793-இல் வங்காளத்தில் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தை, 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குவிதி வழியாகச் சென்னை மாகாணம் எடுத்துக்கொண்டது. 1803-இல் இராமநாதபுரமும் சிவகங்கையும் அந்த ஏற்பாட்டின்கீழ் ஜமீன்களாயின. ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உடைமையாளர் இருக்க வேண்டும், அவரே அரசுக்கு வரி கட்ட வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊரில் சட்டமாக வடிவெடுத்துத்தான் வைகைக் கரைக்கு வந்து சேர்ந்தது. (இடையே ஒரு செய்தி: 1792, 1793 ஆண்டுகளில் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து வங்காளத்துச் சிறு செம்மறிகள் சில ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. ஒரே ஈற்றில் பல குட்டிகள் போடுவதற்குப் பேர்போன பூரூலா மெரினோ இனத்தின் மரபணு, சுந்தரவனப் பகுதியின் கரோல் செம்மறியிலும் இருப்பதை 2002-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வங்காளத்து ஆட்டைப் பற்றி நம் வரலாற்றாசிரியர்களைவிடக் கால்நடை அறிவியலார் அதிகம் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கொரு குறை.)

நில ஆவணம் எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். ஒரு புல எண், ஒரு பட்டாதாரர், ஒரு பயன்பாடு. அடங்கலில் பயிர் வரும், பாசனம் வரும், யார் சாகுபடி என்பது வரும். அறுப்புக்குப் பின் நான்கு மாதம் அந்த வயலில் யார் ஆடு அமர்த்துகிறார் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. மேற்கு வங்கம் 1978-இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’ இந்திய நிலச் சீர்திருத்தங்களுள் மிகவும் போற்றப்படுவது. குத்தகை உழவரின் பெயரை ஏட்டில் ஏற்றியதே அதன் சாதனை. அங்கும் பதிவுக்கு வந்தவர் உழுதவர்தான். கீதாரி கேட்பது நிலத்தை அன்று, நிலத்தின் ஒரு பருவத்தை. ‘எங்களுக்கு வயல் வேணாம் தம்பி, வயலோட கோடை வேணும்’ என்று சிவகங்கைப் பக்கத்து முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். என் ஆய்வேட்டின் முதல் இயலை அந்த வாக்கியத்துக்கு உரை எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பொது நிலத்துக்கு ஆவணத்தில் பெயர் உண்டு: மேய்க்கால் புறம்போக்கு. சென்னையின் மந்தைவெளி தன் பெயரில் மட்டும் மந்தையை வைத்திருப்பது எல்லோரும் அறிந்ததே. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்களின் பொது நிலங்கள் அரசின் கைக்கு வந்தன. உழவர்களுக்குப் பட்டா கிடைத்தது. அது பெரிய விடுதலை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் ஊரில் புதிய அலுவலகமோ பேருந்து நிலையமோ கட்ட இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது புறம்போக்குத்தான். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. பொது நிலத்தை ‘ஊருக்கு’ உரியதாக அத்தீர்ப்பு காண்கிறது. கீதாரியோ எந்த ஊரின் பொது நிலத்தில் நின்றாலும் அந்த ஊராராக இருப்பதில்லை. 2023-இல் தமிழக அரசு கொண்டுவந்த சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், நீர்நிலைகளை உள்ளடக்கிய பெரிய நிலப்பரப்புகளில் திட்டங்கள் வருவதற்கு வழிசெய்கிறது. அதன் மீதான விவாதம் ஏரி, ஓடை, வெள்ளம் ஆகியவற்றைச் சுற்றி நடந்தது, நடக்க வேண்டியதுதான். கோடையில் வறண்ட கண்மாயின் உள்வாய்தான் ஆடுகளுக்குக் கடைசிப் புகலிடம் என்ற செய்தி எங்கும் எழவில்லை.

படுகைக்குள் சட்டத்தைவிட வேகமாக மாறியது சாகுபடி. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே ஈரத்தில் உளுந்தோ பயறோ விதைப்பது அங்கு வழக்கம். உளுந்து நிற்கும் வயலில் ஆடு இறங்க முடியாது. ஆழ்துளைக் கிணறு வந்த இடங்களில் கோடையிலும் பயிர் நிற்கிறது. அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோலைக் கட்டு இயந்திரம் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. நான்குவழிச் சாலையின் தடுப்புச் சுவர், மந்தை காலங்காலமாகக் கடந்த இடத்தில் நிற்கிறது. மனைப்பிரிவுக் கற்கள் நட்ட வயலைப் பற்றிக் கீதாரிகளின் பார்வை நம்முடையதிலிருந்து வேறுபட்டது. விற்காத மனை நல்ல மேய்ச்சல் என்கிறார்கள்; உழவரும் இல்லை, உடைமையாளர் எங்கோ நகரத்தில். கல் நட்ட ஆண்டிலிருந்து வீடு எழும் ஆண்டு வரை ஓர் இடைவெளி அவர்களுக்குத் திறக்கிறது. ஹைட்ரோகார்பன் எதிர்ப்பின் பயனாக வந்த 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. வயல் வயலாக நீடித்தால் கிடைக்கும் இடம் நீடிக்கும். சட்டம் உழவரைக் காக்க வந்தது. மேய்ப்பர் அதன் நிழலில் நிற்கிறார்.

அவர்கள் செய்துகொண்ட மாற்றங்களுள் முதலாவது கைப்பேசி. முன்னெல்லாம் கீதாரி ஓரிரு நாள் முன்னதாக நடந்துபோய்த் தடம் பார்த்து வருவார். எந்த ஊரில் அறுப்பு முடிந்தது, எந்த மிராசுதார் கிடை கேட்கிறார் என்பதெல்லாம் இன்று அழைப்பில் தெரிந்துவிடுகிறது. ‘கோனாரே, இந்த வருசம் உளுந்து போடல, நேரா நம்ம கொல்லைக்கு வந்துருங்க’ என்று திருவாரூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் பேசியதை ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறேன். உர விலை ஏறும் ஆண்டுகளிலும், இயற்கை வேளாண்மையில் நாட்டம் கொண்டவர்களிடமும் கிடைக்குத் தேவை கூடுகிறது. நெல்லும் சோறுமாக வாங்கிய கூலி, இரவுக் கணக்கில் பணமாக மாறிவிட்டது. நடக்க முடியாத தடத்தை லாரியில் கடக்கிறார்கள். லாரி வாடகைக்காகவே சில கிடாக்களை விற்கிறார்கள். குடும்பம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: படிக்கும் பிள்ளைகள் ஊரில் பாட்டியோடு, பெற்றோர் கிடையோடு. சட்டம் பட்டாதாரரை மட்டுமே அறிந்திருப்பதால் பட்டாதாரரோடு உறவை வலுப்படுத்திக்கொண்டார்கள் என்று இதைச் சுருக்கலாம். கிடையில் கிடந்த பெண்கள் இதைச் சுருக்கமாகச் சொல்வதில்லை. குளிக்க மறைவு இல்லை, ஓரிடத்தில் நிலையான ரேஷன் இல்லை, மழை இரவில் கூடாரத்துக்குள் குட்டிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே இடம் என்று அவர்கள் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும்.

இன்னொரு மாற்றத்தைப் பற்றி நம் கருத்தரங்குகளில் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போனால் ஆடு மேய்க்க ஆள் வேண்டும். அந்த இடத்தில், முன்பணத்துக்காக அடகு வைக்கப்பட்ட ஏழைக் குடும்பத்துச் சிறுவர்கள் மேய்ப்பதும், அதிகாரிகள் அவர்களை மீட்பதும் படுகை மாவட்டங்களிலிருந்து மீண்டும் மீண்டும் வரும் செய்திகள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. முல்லைத் திணையைச் சொல்லித் தொடங்கி மேய்ப்பர்களைப் புனிதர்களாக்கி முடிக்கும் கட்டுரைகள் எனக்கு உவப்பானவை அல்ல. இந்தச் சிறுவர்களுக்கு அவற்றில் இடமில்லை. ‘தகவமைப்பு’ என்ற நம் சொல்லின் கீழ் ஒருவரது சுமை இன்னும் எளிய ஒருவரது தோளுக்கு மாறுவதும் அடங்கியிருக்கிறது. அந்தப் பையன்களுக்கு நேர்வது குற்றம். நிலக் கொள்கை நெருக்கியது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

வயலை நம்பிய கீதாரிகளின் கதை இது. காட்டை நம்பிய மேய்ப்பர்களின் நிலை வேறு. அங்கே எதிரில் நிற்பவர் பேரம் பேசக்கூடிய உழவர் அல்லர், வனத்துறை. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடு என்ற எல்லையை வரைந்த நாளிலிருந்து அனுமதிச் சீட்டு, கட்டணம், அபராதம் என்பவையே மேற்குத் தொடர்ச்சி மலையடிவார மாட்டுக்காரர்களின் மொழி. தேனிப் பகுதி மலைமாடுகளும் பர்கூர் மாடுகளும் காட்டு மேய்ச்சலில் உருவான இனங்கள். மேகமலை தொடர்பான வழக்கொன்றில் 2022 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்தது. பின்னர் அதே மாதத்திலேயே தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குக் குறைத்தது. ஆனால் முந்தைய ஆண்டுதான் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருந்தது. குறைக்கப்பட்ட தடையும் அவர்கள் மலை மீதே விழுந்தது. அந்த மார்ச் மாதத்தில்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது.

புலி வேண்டாம் என்று எந்த மாட்டுக்காரரும் என்னிடம் சொன்னதில்லை. மிகை மேய்ச்சலால் காடு தேய்வதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தடை என்ற ஒரே மருந்தை எல்லா இடத்திலும் கொடுப்பதன் விளைவை பரத்பூரில் பார்த்தாயிற்று. கேவலாதேவ் பறவைகள் சரணாலயம் தேசியப் பூங்காவானதும் 1982-இல் எருமை மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. எதிர்ப்பில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு, எருமைகள் தின்னாமல் விட்ட புல் நீர்ப்பரப்பை அடைத்துப் பறவைகளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டதைக் காட்டியது. சிக்கிம் 1998-இல் காப்புக்காடுகளில் மேய்ச்சலை நிறுத்தியது. அந்தத் தடையின் விளைவுகள் குறித்து ஆய்வாளர்கள் இன்றும் ஒருமுகப்படவில்லை. அப்படி இருப்பதே ஆரோக்கியம் என்பேன்.

இதற்கெல்லாம் விடை ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் உள்ளது என்பதுதான் வேடிக்கை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு நிலையான மேய்ச்சலையும் இடம்பெயர் மேய்ச்சலையும், நாடோடி மேய்ப்பர்களின் பருவகாலப் பயன்பாட்டையும் சமுதாய உரிமை என்கிறது. இந்தியச் சட்டம் ஒன்று ‘பருவம்’ என்பதை உரிமையாகக் கண்ட அரிய இடம் அது. ஆனால் பழங்குடியினர் அல்லாதோர் அவ்வுரிமையைக் கோர, 2005 டிசம்பர் 13-க்கு முந்தைய மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், முதன்மையாகக் காட்டில் வசித்திருக்க வேண்டும். உரிமை அலைபவருக்கு, சான்று கேட்பதோ தங்கியதற்கு. 2012-இல் திருத்தப்பட்ட விதிகள், மேய்ப்பர்கள் உரிய கிராம சபைகளின் முன் கோரிக்கை வைக்க மாவட்டக் குழு உதவ வேண்டும் என்கின்றன. நான் சந்தித்தவர்களுள் அப்படி ஒரு குழு இருப்பதை அறிந்தவர்கள் மிகச் சிலர்.

இங்கேதான் என் படிப்புக்கும் அவர்கள் வாழ்க்கைக்கும் நேரடித் தொடர்பு வருகிறது. மலையடிவாரத்து ஊரொன்றில் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு மாட்டுக்காரர் கேட்டார்: ‘தம்பி, கல்கத்தாவுல பெரிய நூலகம் இருக்குன்னு சொன்னீங்களே, எங்க தாத்தா புல்லுக்குக் காசு கட்டுன கணக்கு அதுல இருக்குமா?’ அலிப்பூரில் தேசிய நூலகத்தில் அமர்ந்து பழைய விவரச்சுவடிகளையும் வன நிர்வாக அறிக்கைகளையும் புரட்டும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் மேசையில் கிடக்கிறது. அறிக்கைகளில் மாட்டின் எண்ணிக்கை இருக்கும், வசூலான தொகை இருக்கும், தாத்தாவின் பெயர் இருக்காது. ஆயினும் சட்டத்தின் விதிகள் அரசு வெளியிட்ட பழைய ஏடுகளையும் சான்றாக ஏற்கின்றன. கோரிக்கையாளர் அல்லாத முதியவர்களின் எழுத்து வடிவ வாக்குமூலத்தையும் ஏற்கின்றன. ஒரு வட்டத்தில் இத்தனை மாடுகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது என்ற ஒரு வரி, கிராம சபையில் ஒரு முதியவரின் சொல்லோடு சேர்ந்தால் எடை பெறும். காலனிய அரசு வரிக்காக எழுதியது, அந்த வரி கட்டியவரின் பேரனுக்கு உரிமைச் சான்றாகிறது. கட்டணம் வாங்குவதை நிறுத்திய காலத்துக்குத்தான் சான்று கிடைப்பது அரிது.

முதுநிலை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளாகவே இதை எழுதுகிறேன். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வேறு தலைப்புக்காகப் புரட்டும்போது மேய்ச்சல் கட்டணம், அனுமதி எண்ணிக்கை, வட்டத்தின் பெயர் கண்ணில் பட்டால் பக்க எண்ணோடு குறித்துவையுங்கள். எழும்பூரிலோ கொல்கத்தாவிலோ கிடக்கும் அந்த ஒற்றைப் பக்கம் கட்டுரையின் அடிக்குறிப்பாவதைவிட, ஒரு கோரிக்கை மனுவின் இணைப்பாவது மேல்.

2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக மேய்ப்பர்களைத் தனியே கணக்கிட்டார்கள். அதற்கு முன், ஆடு எந்த வீட்டைச் சேர்ந்தது என்று கேட்டுத்தான் எண்ணினார்கள். இதைச் சிவகங்கை முதியவரிடம் கைப்பேசியில் சொன்னபோது அவர் மன்னார்குடிக்குக் கிழக்கே கிடையில் இருந்தார். ‘எண்ணிட்டுப் போகட்டும், எந்த ஊர்ல இருக்கும்போது எண்ணுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க’ என்றார். மலையடிவாரத்து ஊராரோ சமுதாய உரிமைக்கான படிவத்தை நிரப்பத் தொடங்கியிருக்கிறார்கள். மேய்ச்சல் என்ற இடத்தில் ‘ஆம்’ என்று எழுதியாயிற்று. கிராமம் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாடுகள் மூன்று கிராமங்களின் எல்லைகளைக் கடந்து மலை ஏறுகின்றன.